இரண்டு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து

முதல் மாதிரி ரயில் பெட்டியைச் செய்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதைப் பார்த்துக் கூசிப்போக ஒரே ஒரு படம் போதுமாக இருந்தது.

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய பாணி இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டி அது. 1955இல் சுவிஸ் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 2018 ஜனவரியில் அந்த வகையின் கடைசிப் பெட்டியை வழியனுப்பும்வரை ஏறக்குறைய அதே உருவத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. நம்மவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் நடுப் படுக்கையில் தலையை இடித்துக்கொள்ளாமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. அசல் பெட்டியின் உடல் நீளம் 21,337 மில்லிமீட்டர், அகலம் 3,245. நான் எடுத்துக்கொண்ட அளவு 1:87. வகுத்துப் பார்த்தால் நீளம் 245, அகலம் 37. ஓர் அடி ஸ்கேலைவிடக் குட்டை. அகலம் ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி.

பக்கச் சுவர்கள் அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள். கூரை, லேசான பால்சா மரக் கட்டையை உப்புத்தாளால் நாள்கணக்கில் தேய்த்து வளைத்தது. நான் பெருமைப்பட்டது ஜன்னல் கம்பிகளுக்காகத்தான். மின்சார ஒயரை உரித்தால் உள்ளே முடிபோலச் செப்பு இழைகள் இருக்குமே, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டி நிமிர்த்தி, ஒவ்வொரு ஜன்னலிலும் குறுக்காக ஒட்டினேன். இழையின் தடிமன் 0.2 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 17 மில்லிமீட்டர் வருகிறது. அசல் கம்பியைவிடக் கொஞ்சம் தடிமன்தான், ஆனாலும் மனம் ஒப்பியது. அரக்குச் சிவப்பு அடித்து, தண்டவாளத்தில் ஏற்றி, கைபேசியைப் பெட்டியின் முகத்துக்கு நேராக வைத்துப் படமெடுத்தேன்.

படத்தில் ஒரு பருத்த மனிதர் கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

காரணம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தே செய்த சமரசம்தான். அது இவ்வளவு அப்பட்டமாகத் தெரியும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. மேல்நாட்டில் 0 என்று ஒரு பொம்மை ரயில் அளவு இருந்தது. அதில் பாதியாக வந்ததால் இந்த அளவுக்கு எச்ஓ, அதாவது 'அரை 0', என்று பெயர். அசலின் ஓர் அடிக்கு மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். அடிக்கு 304.8 மில்லிமீட்டர் என்பதால் வகுத்தால் 87.1. விசித்திரமான எண்ணாகத் தோன்றும் 87, அடியும் மில்லிமீட்டரும் செய்துகொண்ட கலப்புத் திருமணத்தில் பிறந்தது. எச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். நம்முடைய அகலப் பாதையோ 1,676. அதைச் சுருக்கினால் 19.2 வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5தான். ஆக, நம் ஊர்ப் பெட்டியைச் செய்கிற எவரும் இரண்டே முக்கால் மில்லிமீட்டரை விழுங்கிவிட்டு ஏப்பம் விட வேண்டியிருக்கிறது.

பக்கவாட்டில் பார்த்தால் சக்கரங்கள் நெருங்கி நிற்பது தெரியாது. முக்கால் பார்வையில் ஓரளவு மறையும். நேர் முகத்தில் மறைக்கவே முடியாது. பல மாதம் நானும் முக்கால் பார்வையிலேயே படமெடுத்துக் காலத்தை ஓட்டினேன். பிறகு ஒரு வீம்பில், 19.2 மில்லிமீட்டர் பாதையைக் கையாலேயே போடுவது என்று உட்கார்ந்தேன். ஸ்லீப்பர் கட்டை ஒவ்வொன்றாக அறுத்து, தண்டவாளத்தைச் சூட்டுக்கோலால் ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஓரடி தூரம் போட்டேன். அடுத்து வருவது பாதை பிரியும் பாயின்ட் என்று புரிந்த அன்று, அந்த ஓரடியைப் புத்தக அலமாரியில் நினைவுச் சின்னமாக வைத்துவிட்டேன்.

விடை வேறு பக்கமிருந்து வந்தது. மீட்டர் கேஜ்.

1870களில் இந்தியாவில் செலவு குறைந்த குறுகிய பாதை போடலாம் என்று முடிவெடுத்தபோது, நாடு சீக்கிரமே மெட்ரிக் முறைக்கு மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பில் வைஸ்ராய் மேயோவின் அரசு ஒரு மீட்டர் என்று அளவை நிர்ணயித்தது. மெட்ரிக் முறை வர அதன் பிறகு எண்பது ஆண்டுக்கு மேல் ஆனது. தண்டவாளம் மட்டும் காத்திருக்காமல் வந்துவிட்டது. தெற்கே நாங்கள் வளர்ந்ததெல்லாம் அதில்தான். ஆயிரம் மில்லிமீட்டரை 87.1ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் பலவும் மீட்டர் கேஜ் என்பதால், அவற்றின் மாதிரிகளுக்கென்று 12 மில்லிமீட்டர் பாதை செய்து விற்கிறார்கள். அரை மில்லிமீட்டர் பொய். அதைக் கேமரா மன்னித்துவிடும், சோதித்துப் பார்த்துவிட்டேன்.

மீட்டர் கேஜ் என்று முடிவானதும் எந்தப் பாதை என்ற கேள்வியே எழவில்லை. செங்கோட்டை – புனலூர்.

1904இல் திறந்த பாதை. செங்கோட்டையில் கிளம்பினால் பகவதிபுரம் தாண்டி ஒரு நீண்ட குகை, மறுபக்கம் ஆரியங்காவு. பிறகு எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று மலையை விட்டு இறங்கும். மலைப் பகுதியில் முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின். கழுதுருட்டிக்கு அருகே சாலையை ஒட்டி, ஆற்றோரமாக நிற்கும் கல் பாலத்தை எங்கள் பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் என்போம். 2010 செப்டம்பரில் அகலப் பாதையாக்குவதற்காக மூடினார்கள்; புதிய பாதையில் ரயில் ஓட 2018 ஆயிற்று. மூடுவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு சின்ன கேமராவோடு போய்வந்தேன். நூற்றுப் பத்துப் படங்கள். அதில் எழுபது, ஜன்னலில் எட்டிப் பார்க்கும் என் உறவினர்களின் பின்னந்தலை. மீதி நாற்பதை வைத்துத்தான் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறேன். படம் எடுக்கும்போது பாலத்தின் கல் வரிசை எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அளவுகளுக்காகப் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்கும் போனேன். வெட்டவெளியில் நிறுத்தியிருக்கும் பழைய பெட்டிகளைத் தையற்கார டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது, குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாங்கப் போகிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பாலத்தைச் சன்போர்டு அட்டையில் செய்தேன். மேலே ஒட்டியிருக்கும் தாளைத் தண்ணீரில் நனைத்து உரித்தால் உள்ளே மெத்தென்ற நுரை. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடிழுத்தால் அதுவே கல் வரிசை. ஒரே மாதிரி இழுக்கக் கூடாது. ஒரு கல் நீளம், ஒரு கல் குட்டை, நடுவில் ஒன்று கொஞ்சம் உள்ளே அமுங்கினாற்போல. நகத்தால் இங்குமங்கும் கிள்ளிவிட்டால் மூலை உடைந்த கல். ஒரு வளைவுக்கு இரண்டு மாலைகள். பிறகு சாம்பல் நிறத்தை அடித்து, நீர்த்த கறுப்பைத் தூரிகையால் வழியவிட்டால், மை தானாகவே கல்லிடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடும் என்று சில நாள் தோன்றும்.

ஜல்லிக்குக் கட்டுமான மணல். அசலில் 50 மில்லிமீட்டர் கல் என்றால் நமக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ரவை சலிக்கும் சல்லடையில் விழுவதை எடுத்து, மாவுச் சல்லடையில் தங்குவதை வைத்துக்கொண்டால் சரியாக வரும். காட்டுக்கு, பஞ்சு மெத்தைத் துண்டுகளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து மிக்ஸியில் அரைத்தேன். பழைய மிக்ஸியில்தான். புதிய மிக்ஸி என்று வீட்டில் இன்றும் நம்புகிறவர்களுக்கு இதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

பலகையின் நீளம் நான்கடி. அதில் பதிமூன்று கண்ணுக்கும் இடமில்லை. எட்டோடு நிறுத்த வேண்டியதாயிற்று.

இங்கேதான் படமெடுப்பது வெறும் பதிவு என்ற நிலையிலிருந்து மாறி, கட்டுமானத்துக்குள் நுழைந்தது. கலிஃபோர்னியாவின் மான்டரே ஊரில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார். தொழில்முறைப் புகைப்படக்காரர். வீட்டின் கீழ்த்தளத்தில் தரையிலிருந்து கூரைவரை மலைகளை எழுப்பி ரயில் விட்டவர். தன் ரயில்வேக்கு அவர் வைத்த பெயரை ஆங்கிலத்தில் உரக்கப் படித்தால் 'குருதி சொட்டத் தோற்றது' என்று காதில் விழும். யார்டில் பெட்டிகளைத் தள்ள இன்ஜினுக்குப் பதிலாக எம்மா என்ற டைனோசரை வைத்திருந்த குறும்புக்காரர். புத்தம் புதுசாக மின்னும் பெட்டிகளையே எல்லாரும் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், துருவும் அழுக்கும் பூசி ஓடவிட்டவர். கண்ணாடிகளை மறைவாக நிறுத்தி இருக்கும் இடத்தை இரட்டிப்பாகக் காட்டுவது, தூரத்துப் பொருள்களைச் சிறிய அளவில் செய்து ஆழத்தைக் கூட்டுவது என்று அவர் செய்ததெல்லாம் ஸ்டுடியோக்காரரின் புத்தி. பார்க்கிறவரின் கண் எங்கே நிற்கும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு அந்த இடத்துக்காகக் கட்டினார்.

என் எட்டுக் கண் பாலத்துக்கும் அதுவே வழி. இரு முனைகளிலும் வளைவு முடிவதற்கு முன்பே அடர்ந்த மரங்களை நட்டேன். கேமராவை எங்கே வைத்தாலும் ஐந்து வளைவு முழுதாகத் தெரியும், ஆறாவது பாதியில் இலைகளுக்குள் போய்விடும். எண்ண முயல்கிறவர் எண்ணிக்கொண்டே இருக்கலாம்.

கேமராவின் உயரம் இன்னொரு கதை. நாம் பொதுவாக மேசைமேல் குனிந்து படமெடுக்கிறோம். அந்த உயரத்தை 87ஆல் பெருக்கினால், ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம். யாரும் ரயிலை அப்படிப் பார்த்ததில்லை. ஐந்தரை அடி மனிதரின் கண் உயரம் 1:87இல் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். லென்ஸ் அங்கே இருக்க வேண்டும். நல்ல கேமராவின் லென்ஸ் அங்கே இறங்காது. அதன் வயிறு இடிக்கும். கைபேசியில் லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால், அதைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையைத் தொடும் அளவுக்கு வந்துவிடும். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய கேமராவை அலமாரியில் பூட்டிவைத்ததற்கு இந்த ஒரு காரணம் போதும். கைபேசியின் சென்சார் சிறியது என்பதால், அருகில் இருப்பதும் தள்ளி இருப்பதும் ஒருசேரத் துல்லியமாக விழும் என்பது உபரி லாபம்.

அதுவும் போதாத இடங்களில் பெரிய கேமராவே வருகிறது. ஓர் அடி தூரத்தில் லென்ஸை வைத்தால், பெட்டியின் முகப்பு தெளிவாக இருக்கும்போது அதன் பின்பாதி கரைந்துபோகும். கரைந்த பின்புலம் திருமணப் படத்துக்கு அழகு. இங்கே அதுதான் 'பொம்மை' என்று காட்டிக்கொடுக்கும். லென்ஸின் துவாரத்தை மிகவும் சுருக்கினால் தெளிவு நீளும், ஆனால் ஒளி விளிம்புகளில் சிதறிப் படம் முழுக்க மழுங்கும். அதனால் ஃபோகஸை முன்னிருந்து பின்னுக்குச் சிறிது சிறிதாக நகர்த்திப் பதினைந்து, இருபது படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் மென்பொருளால் சேர்த்து ஒரே படமாக்குகிறேன். இருபது படம் முடியும்வரை வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. இந்த விதியை நான் அறிவித்திருக்கிறேன் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதற்கில்லை.

விளக்கு ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். இரண்டு வைத்தால் இரண்டு நிழல் விழும்; நம் வானத்தில் சூரியன் ஒன்றுதானே. இதைத் தவிர்க்கப் பலகையைக் காலை ஏழரை மணிக்கு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவேன். அசல் வெயில், அசல் நிழல். பத்து மணிக்கு மேல் விட்டால் ஸ்டைரீன் நெளிந்துவிடலாம் என்ற பயம் வேறு. ஒருநாள் பாலத்தின்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அளவின்படி முப்பத்தைந்து மீட்டருக்கும் பெரிய காகம். அது கைகாட்டி மரத்தின் கையை அலகால் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. இன்னொரு நாள், நடைமேடையில் கறுப்பாக ஒரு நாய் படுத்திருப்பது படத்தில் வெகு இயல்பாக அமைந்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்த மகள், "அப்பா, இதற்கு ஆறு கால் இருக்கிறது" என்றாள். கட்டெறும்பு.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணுக்குச் சட்டென்று படாத அரை மில்லிமீட்டர் தூசி, இந்த உலகத்தில் ஒரு எலுமிச்சம்பழம். கூரைமேல் எலுமிச்சம்பழங்கள் கொட்டிக் கிடக்கும் ரயிலை யாரும் நம்ப மாட்டார்கள். ஒப்பனைத் தூரிகை ஒன்றை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே பெட்டியின் அடிப்பகுதியில் காவி நிற சாக்கட்டியைப் பொடித்து, பிரேக் தேய்ந்து படியும் இரும்புத் தூள் போலத் தெரியட்டும் என்று நானே அரை நாள் தூசி பூசியிருப்பேன். அந்தத் தூசி வேறு, இந்தத் தூசி வேறு.

நிறமும் அப்படித்தான். அசல் பெட்டியின் அரக்குச் சிவப்பை அதே தகரத்திலிருந்து எடுத்து அடித்தாலும் மாதிரியில் கறுத்துத் தெரியும். அசலை நாம் பார்ப்பது இருபது, முப்பது மீட்டர் தள்ளி. நடுவில் அத்தனை காற்றும் வெளிச்சமும் இருக்கின்றன. சின்னதில் அந்தக் காற்றை நாமே சேர்க்க வேண்டும், பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு வெள்ளையாக. பளபளப்பு அறவே கூடாது.

ஜான் ஆலன் 1973 ஜனவரியில் இறந்தார். அடுத்த இரண்டு வாரத்துக்குள்ளாகவே அந்த வீட்டில் தீப்பிடித்து மலைகளெல்லாம் எரிந்து போயின. இன்று அவரிடமிருந்து கற்றுக்கொள்கிற என்னைப் போன்றவர்கள் கற்பது அவர் எடுத்த படங்களிலிருந்துதான். இதைப் படித்த அன்று என் நாற்பது படங்களையும் மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்தேன். எண்பது வயதில் நான் செய்ய வேண்டிய காரியம் என்று மனைவி கேலி செய்தாள்.

புதிய பெட்டி, மீட்டர் கேஜ் பெட்டி, போன மாதம் முடிந்தது. இரு பக்கமும் மோதல் தாங்கும் பஃபர் இல்லாமல், நடுவில் ஒற்றைப் பஃபரோடு இணைப்பு. முகத்துக்கு நேராக வைத்து எடுத்தேன். கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒரு விபத்தும் நேர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகளை உடனே பிடிக்கும் பசையால் ஒட்டிவிட்டு, அவசரத்தில் கூரையையும் மூடிவிட்டேன். பசையின் ஆவி உள்ளேயே சுற்றி, விடிவதற்குள் எல்லாக் கண்ணாடியும் பனி படர்ந்தாற்போல வெளுத்துவிட்டது. பசைக்குப் பதில் சாதாரண வெள்ளைக் கோந்து வைத்திருக்க வேண்டும். எல்லாரும் சொல்லித்தான் இருக்கிறார்கள். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று பாலத்தின்மேல் நிறுத்தி, பின்னால் மலைப் படத்தை வைத்து, ஒரு மேகமூட்டமான காலையில் எடுத்துப் பார்த்தேன். ஜூலை மாதச் சாரலில் தென்மலையை நோக்கி இறங்கும் வண்டி அது. ஆவி படிந்த கண்ணாடிகள், ஈரப் பச்சை, பின்னால் தள்ளும் இன்ஜின் இலைகளுக்குள் மங்கலாக. நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். அச்சடித்துச் சட்டம் போட்டேன்.

பெரியப்பா அந்த மலைப் பாதையில் கார்டாக இருந்தவர். வயது எண்பத்து நான்கு. போன வாரம் செங்கோட்டை போனபோது படத்தைக் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். விரல் வைத்து எண்ணத் தொடங்கி, மரத்தடியில் விட்டுவிட்டார். நான் மூச்சு விட்டேன்.

"சாரல் காலமா?"

"ஆமாம் பெரியப்பா."

"மழை எந்தப் பக்கம் அடிக்கிறது?"

யோசிக்கவில்லை என்றேன்.

"எந்த வண்டியிலப்பா எல்லா ஜன்னலும் ஒன்றுபோல இருக்கும்? சாரல் அடிக்கிற பக்கம் அத்தனையும் இறக்கியிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் ஒருவர் மட்டும் இறக்க மாட்டார், எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மறுபக்கம் பிள்ளைகள் கையை வெளியே நீட்டி மழையைப் பிடிக்கும். நான் கடைசிப் பெட்டியிலிருந்து பார்ப்பேன், வண்டி முழுக்கக் கையாகத் தெரியும்."

நேற்றிரவு கூரையின் ஓரத்தில் கத்தி முனையை வைத்து நெம்பத் தொடங்கினேன். ஒரு பக்கம் வந்துவிட்டது. கைகளுக்கு, நீட்டிய செப்பு இழையையே வெட்டி நுனியை நசுக்கினால் போதும் என்று நினைக்கிறேன். அரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.